சுழல் துப்பாக்கி வாங்கும் முன்

ரிவால்வர் என்ற சொல்லை வீட்டில் யாராவது உச்சரித்துவிட்டால் போதும். பிள்ளைகளின் முகத்தில் ஓர் ஒளியும் பெரியவர்களின் முகத்தில் ஒரு கலக்கமும் ஒரே நேரத்தில் தோன்றுவதைக் காணலாம். திரைப்படமும் செய்தித்தாளும் அச்சொல்லுக்கு அப்படியொரு வாசனையை ஏற்றி வைத்திருக்கின்றன. ஆனால், உலகில் அந்தக் கருவியைக் கையாளுவோரில் ஒரு சாரார், அட்டையில் அச்சிட்ட கரும்புள்ளியைத் தவிர வேறெதையும் வாழ்நாளில் சுட்டறியாதவர்கள். குறிபார்த்துச் சுடுதல் அவர்களுக்கு ஒரு விளையாட்டு. இன்னும் சரியாகச் சொன்னால், மூச்சையும் விரலையும் அடக்கியாளும் ஒரு பயிற்சி.

மத்ரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் ஒருவன் துப்பாக்கியைப் பற்றி எழுதுவதா என்று வாசகர்கள் வியப்படைய வேண்டாம். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான்; எப்பொருளாயினும் அதன் தோற்றுவாயைத் தேடிப் போவது என் பழக்கம். இதில் என்னை இழுத்துவிட்டவன் என் தங்கையின் மகன். வயது 23. கல்மண்டபத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேதான் அவர்கள் வீடு. எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சரக்குப் பெட்டகங்கள் அனுப்பும் ஒரு நிறுவனத்தில் கணக்கெழுதுகிறான். கல்லூரியில் என்.சி.சி. மாணவனாக இருந்தபோது .22 ரைஃபிளில் சுடப் பழகியவன். அன்று பிடித்த ஆசை இன்னும் விடவில்லை. இரண்டாண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்து ஒரு லட்சம் ரூபாயைக் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, குறி பார்த்துப் பழக ஒரு .22 ரிவால்வர் வாங்கலாமென்றிருக்கிறேன். எது நல்லது என்று நீங்கள் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்றான். அவன் பின்னால் நின்ற என் தங்கை, "வேண்டாமென்று சொல்லுங்கள் அண்ணே" எனக் கண்ணாலேயே கெஞ்சினாள்.

ஆம் என்பதற்கும் வேண்டாம் என்பதற்கும் முன்னால், அறிந்துகொள்ளுதல் என்றொன்று இருக்கிறதல்லவா? ஒரு மாத காலம் நூல்களையும் விதிமுறைகளையும் படித்தேன். துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடம் ஒன்றுக்கும் அவனுடன் போய் வந்தேன். அவ்வாறு அறிந்தவற்றைத்தான் உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் வீட்டிலும் நாளை ஒரு பிள்ளை இதே கேள்வியுடன் வந்து நிற்கக்கூடும்.

முதலில் தோட்டாவைப் பார்ப்போம். துப்பாக்கியின் குணம் தோட்டாவில்தான் இருக்கிறது. .22 என்பது குழலின் அகலம். ஓர் அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு, அதாவது ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீட்டர். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே ஒரு சிறு மூடி பொருத்தப்பட்டிருக்கும். சுத்தி அதன்மேல் விழுந்தால் வெடிக்கும். .22 தோட்டாவிலோ அந்த மூடி கிடையாது. அடிப்பாகத்தைச் சுற்றி மடித்த விளிம்பு இருக்கிறதே, அதற்குள்ளேயே பொறி கக்கும் மருந்தை நிரப்பி விடுகிறார்கள். விளிம்பின் எந்த இடத்தில் அடிபட்டாலும் வெடிக்கும். விளிம்பு அடிபட்டு நசுங்க வேண்டுமானால் தகடு மெல்லியதாக இருக்க வேண்டும். தகடு மெல்லியதானால் உள்ளே பெரும் அழுத்தம் தாங்காது. ஆகவே இது என்றும் சிறு தோட்டாவாகவே இருந்து வருகிறது. விலை மலிவு, அதிர்வு குறைவு, ஓசையும் குறைவு. பயிற்சிக்கு இதைவிட ஏற்றது வேறில்லை என்று உலகெங்கும் கருதப்படுவதன் காரணம் இதுவே.

1845-ஆம் ஆண்டில் ஃபிரான்ஸ் நாட்டில் ஃப்ளோபேர் என்பவர் வீட்டுக் கூடத்தில் சுட்டு விளையாடுவதற்காக உருவாக்கிய சிறு தோட்டாவிலிருந்து இந்தக் குடும்பம் தொடங்குகிறது. 1857-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் தனது முதல் ரிவால்வரை இவ்வகைத் தோட்டாவுக்கென்றே செய்தது. இன்று பரவலாகப் பயன்படும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. நம் நாட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த அதே 1857-இல், அங்கே ஒருவர் சட்டைப்பையில் வைக்கும் சுழல் துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தார் என்பது வரலாறு படித்தவனுக்கு நெஞ்சில் உறுத்தும் செய்தி. அதற்கு இருபத்தோராண்டு கழித்து, 1878-இல், இந்தியர் கையில் ஆயுதமே இருக்கலாகாது என்ற நோக்குடன் வெள்ளையர் அரசு ஆயுதச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை அகற்றியது.

சரி, ரிவால்வர்களுக்கு வருவோம். குறி பழகுவதற்கென்றே பெயர் பெற்றவற்றுள் முதலிடம் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் கே-22 வரிசைக்கு. 1931-இல் வெளிவந்த இது பின்னர் மாடல் 17 என்றும், துருப்பிடிக்காத எஃகில் மாடல் 617 என்றும் தொடர்ந்தது. ஆறங்குலக் குழல், திருகித் திருத்தக்கூடிய பின்குறி, ஒரு கிலோவுக்கு மேற்பட்ட எடை. எடை அதிகமென்று அஞ்ச வேண்டாம். குறிபார்ப்பவனுக்கு எடைதான் நண்பன், கை நடுக்கத்தை அதுவே விழுங்கிக் கொள்கிறது. சுத்தியைக் கட்டைவிரலால் பின்னுக்கிழுத்து வைத்துச் சுட்டால் விசை மென்மையாக விழும். இழுக்காமல் விசையை மட்டும் அழுத்தினாலும் சுடலாம். ஆனால் அப்போது விரலுக்கு நான்கைந்து மடங்கு உழைப்பு. அந்த உழைப்பில் குறி ஆடிப்போகும்.

இன்னொன்று ரூகர் நிறுவனம் 1953-இல் கொண்டுவந்த சிங்கிள் சிக்ஸ். இதில் ஒவ்வொரு முறையும் சுத்தியைக் கையால் இழுத்தாக வேண்டும். பக்கவாட்டில் உள்ள சிறு கதவின் வழியே ஒவ்வொரு தோட்டாவாக நுழைத்து, வெற்றுக் கூட்டையும் ஒவ்வொன்றாகத் தள்ளி எடுக்க வேண்டும். உழைப்பாளியான கருவி, எளிதில் பழுதாகாது. பொறுமையற்றவனுக்குப் பொறுமை கற்பிக்கும். ஆயினும் அதன் பெயர்பெற்ற வடிவத்தின் குழல் ஆறரை அங்குலம். இந்த அரை அங்குலம் ஏன் முக்கியம் என்பதைச் சற்றுப் பின்னர் சொல்கிறேன்.

எந்த ரிவால்வரிலும் இயற்கையாக அமைந்த குறையொன்று உண்டு. பிஸ்டலில் தோட்டா வெடிக்கும் அறை ஒன்றுதான். அது குழலோடு ஒட்டியே இருக்கும். ரிவால்வரில் ஆறு அறைகள். ஒவ்வொன்றும் சுழன்று வந்து குழலுக்கு நேராக, மயிரிழை பிசகாமல் நிற்க வேண்டும். ஆறில் ஓர் அறை சற்றே விலகி நின்றாலும் ஆறாவது குண்டு தனி வழி போகும். உருளைக்கும் குழலுக்கும் இடையே உள்ள சிறு இடைவெளி வழியே வாயுவும் ஈயத்துகளும் சிதறும். அதன் பக்கத்தில் விரலை வைத்தல் ஆகாது. மேலும், .22 ரிவால்வரில் தோட்டா இல்லாமல் வெறுமனே சுத்தியைத் தட்டிப் பழகுவது பெரும் கேடு. விளிம்பைத் தாக்க வேண்டிய ஊசி, தோட்டா இல்லாதபோது அறையின் ஓரத்தையே தாக்கிச் சிதைத்துவிடக்கூடும். பழைய ரிவால்வர் வாங்குவோர் உருளையைத் திறந்து, அறையோரங்களில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பது இதனால்தான். சுத்தியை இழுத்து வைத்து உருளையைக் கையால் ஆட்டிப் பார்ப்பதும் அவ்வாறே. அதிகம் ஆடினால் அது ஓய்வுபெற வேண்டிய துப்பாக்கி.

இவ்வளவும் கேட்டு என் மருமகன் மகிழ்ந்தான். கே-22 அவன் மனத்தில் குடியேறிவிட்டது. ஆனால் அது கடையில் சென்று வாங்கும் பொருளன்று. 1980-களின் நடுப்பகுதியிலிருந்து தனிமனிதர் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்வது நம் நாட்டில் பெரிதும் தடுக்கப்பட்டிருக்கிறது. தேசியப் போட்டிகளில் தேர்ச்சி பெற்ற வீரர்களுக்கே அவ்வாசல் திறக்கும். எனவே அதற்கு முன் வந்து சேர்ந்த பழைய துப்பாக்கிகள் கைமாறும்போது, தங்கத்தைப்போல் விலை ஏறி நிற்கின்றன. பிறந்த நாட்டில் சாதாரணக் கருவி, இங்கே அரும்பொருள்.

அப்படியானால் இந்தியத் தயாரிப்பு? 2014-இல் கான்பூர்த் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்று நிர்பீக் என்னும் ரிவால்வரை வெளியிட்டது. .32 அளவு, எடை அரைக் கிலோ, அன்றைய விலை 1,22,360 ரூபாய். அதன் பின்னர் மேற்கு வங்கத்து இஷாப்பூர்த் தொழிற்சாலை .22 தோட்டாவுக்கு நிடர் என்றொரு ரிவால்வரைச் செய்தது. எடை கால் கிலோ அளவே. விலையும் நிர்பீக்கைக் காட்டிலும் மிகக் குறைவு. 2021-இல் அரசின் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, கான்பூரும் இஷாப்பூரும் நம் திருச்சியும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. பெயர்களைப் பாருங்கள்: இரண்டுக்கும் அச்சமற்றவர் என்பதே பொருள். பெயரே சொல்லிவிடுகிறது, அவை கைப்பைக்குள் கிடப்பதற்காகப் பிறந்தவை என்று. குட்டைக் குழலும் குறைந்த எடையும் மறைத்து வைப்பதற்கு வசதி. இருபத்தைந்து மீட்டர் தூரத்து அட்டையில் ஐந்து சென்டிமீட்டர் வட்டத்தைத் தேடுவதற்கு அல்ல. ".22 தானே, மலிவுதானே" என்று நிடரை வாங்கிப் பயிற்சிக் கூடத்துக்குப் போவது, ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிரிக்கெட் ஆடப் போவதற்கு ஒப்பாகும்.

இதைவிட முக்கியமான கேள்வியொன்று இருக்கிறது. ரிவால்வரை வைத்துக்கொண்டு எந்தப் போட்டியில் கலந்துகொள்வது? அனைத்துலக விதிப்படி 25 மீட்டர் .22 போட்டிகளில் துப்பாக்கியின் குழல் 153 மில்லிமீட்டருக்கு மேற்படலாகாது. எடை 1,400 கிராமைத் தாண்டலாகாது. ஆறங்குலம் என்பது 152 மில்லிமீட்டரும் சற்றும். ஆக, கே-22 மயிரிழையில் உள்ளே வந்துவிடுகிறது; ஆறரை அங்குல ரூகர் வெளியே நின்றுவிடுகிறது. அதுதான் அந்த அரை அங்குலத்தின் கதை. ஆனால் அளவில் பொருந்தினால் போதுமா? ஸ்டாண்டர்ட் பிஸ்டல் போட்டியில் அறுபது குண்டுகள். முதல் இருபதுக்கு, ஐந்து குண்டுக்கு 150 வினாடி தாராளமாகத் தருவார்கள். அடுத்த இருபதுக்கு ஐந்து குண்டுக்கு 20 வினாடி. கடைசி இருபதுக்கோ ஐந்து குண்டுக்குப் பத்தே வினாடி. ஒற்றைக் கையால் பிடித்து, ஒவ்வொரு குண்டுக்கும் கட்டைவிரலால் சுத்தியை இழுத்து, பிடியை மறுபடி சரிசெய்து, இரண்டு வினாடிக்கொன்றாகச் சுடுவது யாருக்கு இயலும்? தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் பிஸ்டலைப் பிடித்தவனோ விசையை மட்டும் அழுத்திக்கொண்டு போவான். மேடையில் ரிவால்வர் அருகிப் போனதற்கு இதுவே காரணம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய்குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் போட்டியில் ஐந்து குண்டுக்கு நான்கு வினாடிதான்!

அந்தப் போட்டியின் பெயரைச் சொன்னால் ஹங்கேரி நாட்டுக் காரோலி தகாச்சைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1938-இல் கையெறிகுண்டு வெடித்து வலக்கை போயிற்று. இடக்கையால் முதலிலிருந்து பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் தங்கம் வென்றார். என் மருமகனுக்கு இதைச் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி, "என்ன துப்பாக்கி வைத்திருந்தார், மாமா?" என்பதே. இளமை கருவியைத்தான் முதலில் பார்க்கிறது!

இனிச் சட்டம். 21 வயது நிரம்பியவர் உரிமம் கோரலாம். சென்னை நகரில் மாநகரக் காவல் ஆணையரே உரிமம் வழங்கும் அதிகாரி. விண்ணப்பதாரரைப் பற்றிக் காவல் நிலையம் விசாரித்து அறிக்கை தரும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமத்தின் காலம் மூன்றாண்டிலிருந்து ஐந்தாண்டாக நீண்டது. ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளோ மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் எல்லை உண்டு. வாரம் மூன்று நாள் அறுபது அறுபதாகச் சுட்டுப் பழகுபவன், மாதத்தில் எழுநூறு தோட்டாக்களை முடித்துவிடுவான். சாதாரண உரிமக்காரருக்கு அந்தக் கணக்கு கட்டாது. தேர்தல் வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்வார்கள். இவையெல்லாம் விலைப்பட்டியலில் எழுதப்படாத விலைகள்.

இதற்கிடையே என் தங்கையின் அச்சத்தையும் நான் ஒதுக்கிவிட முடியவில்லை. "தாடி வைத்த பிள்ளை, கையில் துப்பாக்கிப் பெட்டி. பேருந்தில் ஒருவன் கேட்டால் என்ன சொல்வான்? நம் பெயரைக் கேட்டதும் எத்தனை பேர் நம்புவார்கள்?" என்றாள். வாசகர்களே, இந்தக் கேள்வியை எழுதக் கூடாது என்று என்னிடம் ஒரு நண்பர் சொன்னார். எழுதாவிட்டால் அது இல்லாமல் போய்விடுமா? உரிமம் பற்றி விவரம் கேட்க ஓர் அலுவலகத்துக்கு நாங்கள் சென்றபோது, பெயரைக் கேட்டபின் அங்கிருந்தவர் நிமிர்ந்து பார்த்த பார்வையை நானும் கண்டேன். "எதுக்குப்பா இதெல்லாம்?" என்ற அவரது சிரிப்பில் பகை இல்லை, சந்தேகம் இருந்தது. மருமகன் என்.சி.சி. சான்றிதழை எடுத்து மேசைமேல் வைத்தான். அவர் அதைப் படித்துவிட்டு, எந்தப் படிவம், என்னென்ன இணைப்பு என்று ஒவ்வொன்றாக எழுதிக் கொடுத்தார். வெளிப்படையாகச் சென்று, தாளோடு பேசுவதே இதில் வழி என்று நான் கருதுகிறேன். ஸ்கீட் போட்டியில் இரண்டு ஒலிம்பிக்கில் நாட்டுக்காக நின்ற மைராஜ் அஹ்மத் கானும், 2022-இல் அவர் வென்ற உலகக் கோப்பைத் தங்கமும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனையும் அவர்கள் அறியட்டும்.

ஆனால் தங்கையின் இன்னோர் அச்சத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை. அவள் சொன்னது முற்றிலும் சரி. அந்த வீட்டில் மூத்தவனின் மூன்று சிறு பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். எங்கள் தெருக்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு மாடியில் துணி உலர்த்துபவர் அடுத்த மாடியில் அரிசி புடைப்பவரிடம் குரலை உயர்த்தாமலே பேசலாம். .22 தோட்டாவைச் சிறியதென்று எண்ணுவோருக்குச் சொல்கிறேன்: அண்ணாந்து சுட்டால் அது ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால் போய் விழும். கல்மண்டபத்து மாடியிலிருந்து புறப்பட்டது காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் யார் தலையில் இறங்கும் என்று யார் அறிவார்? 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டபோது இந்தப் பகுதி மக்கள் ஊரைவிட்டு ஓடிய கதையை என் பாட்டனார் தம் தந்தை சொல்லக் கேட்டுச் சொல்வார். எங்கிருந்து வருகிறதென்று தெரியாத குண்டின் அச்சம் இங்கே பரம்பரைச் சொத்து. இன்னொன்று, சுட்டபின் கையில் ஒட்டும் ஈயத்தூள். சோப்பிட்டுக் கழுவி, சட்டையை மாற்றாமல் குழந்தையைத் தூக்கலாகாது.

அம்புகளை ஏந்திப் பள்ளிவாசலிலோ கடைவீதியிலோ செல்பவர் அவற்றின் முனைகளைக் கையால் பற்றிக்கொள்ள வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. எவர் மீதும் படாதிருக்க வேண்டும் என்பதே காரணம். சகோதரனை நோக்கி விளையாட்டாகக்கூட ஆயுதத்தை நீட்டக் கூடாது என்பதும் அவர்களது போதனை. அம்பெய்தலைப் பழகுமாறு ஊக்குவித்தவர்களும் அவர்களே. பயிற்சிக் கூடத்துச் சுவரில் முதல் விதியாக எழுதியிருந்ததும் இதுவேதான்: துப்பாக்கி காலியாக இருந்தாலும் குழலை மனிதர் பக்கம் திருப்பாதே.

அந்தக் கூடத்துப் பயிற்சியாளர் என் மருமகனிடம் ரிவால்வரைப் பற்றிய கேள்விகளையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு காற்றுப் பிஸ்டலைக் கையில் கொடுத்தார். 4.5 மில்லிமீட்டர் குழல், 20 ஜூலுக்கு மேற்படாத விசை உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை என்பது 2016-ஆம் ஆண்டு விதி. பத்து மீட்டர் தூரம். அட்டையின் நடுவட்டம் பதினொன்றரை மில்லிமீட்டர், ஒரு சட்டைப் பொத்தானின் அளவு. பாரிஸில் 2024-இல் மனு பாக்கருக்கு இரண்டு வெண்கலம் கிடைத்தது இந்தக் கருவியில்தான்; .22 பிஸ்டலில் அவர் நான்காமிடம் பெற்றார். முதல் பத்துக் குண்டில் என் மருமகனுடைய நான்கு, கரும்பகுதிக்கு வெளியே போயின. பயிற்சியாளர் சிரிக்கவில்லை. "கையை நீட்டி ஒரு கிலோவை ஒரு நிமிடம் அசையாமல் பிடிக்க முதலில் பழகு. .22 வேண்டுமானால் உறுப்பினனாகி, கூடத்தின் துப்பாக்கியிலேயே இங்கே சுடலாம். மாநிலப் போட்டிக்குத் தகுதி வந்தபின் சொந்தத் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோம்" என்றார்.

ஒரு லட்சத்தில் உறுப்பினர் கட்டணம் போயிற்று. பழகுவதற்கேற்ற ஒரு காற்றுப் பிஸ்டலும் வாங்கியாயிற்று. மீதி, தபால் நிலையத்தில் இருக்கிறது. பிஸ்டலுக்கு உரிமம் வேண்டாமென்றாலும் என் தங்கை அதற்கு இரும்புப் பெட்டி கேட்டாள், வாங்கினோம். சாவி அவளிடம். எங்கள் வீடுகளில் வாசலிலிருந்து கொல்லைச் சுவர்வரை அளந்தாலும் பத்து மீட்டர் தேறாது. ஆகவே வீட்டில் சுடும் பேச்சே இல்லை. பஜ்ர் தொழுதுவிட்டு வந்ததும், ஒரு லிட்டர் தண்ணீர்ப் புட்டியைக் கையில் பிடித்துச் சுவரில் ஒட்டிய கரும்புள்ளியைப் பார்த்து நிற்கிறான். அண்ணன் பிள்ளைகள் மூவரும் சுற்றி அமர்ந்து ஒன்று, இரண்டு என்று அறுபதுவரை எண்ணுகிறார்கள். சென்ற வாரம் நாற்பத்தெட்டில் கை இறங்கிவிட்டது என்று கடைக்குட்டி என்னிடம் வந்து புகார் சொன்னாள்.